மாய்கென் என்னும் வெளித் தோல்வி

தரம் என்பது ஒரு தேசத்தின் மனசாட்சி. க்ரோக்ஹுல்ட் நடைவண்டி ஆலையின் வரவேற்பறைச் சுவரில் இப்படித்தான் பித்தளை எழுத்துகளில் பொறித்திருக்கிறது. அதற்குக் கீழே விளக்கு வெளிச்சத்தில் எங்கள் நடைவண்டி ஒன்று நிற்கும்: நான்கு சக்கரம், இரண்டு பிரேக், மூச்சு வாங்கினால் உட்கார ஒரு பலகை, கடைச் சாமான் போட ஒரு கூடை. வயதானவர்கள் பிடித்துக்கொண்டு நடக்க இதைவிட நல்ல சாதனம் உலகில் கிடையாது. குளிர் மைனஸ் பத்துக்குக் கீழே போனால் மட்டும் பிரேக் பிடிக்காது.

சுவீடனில் குளிர் மைனஸ் பத்துக்குக் கீழே போவதுண்டு.

காரணம் எல்லோருக்கும் தெரியும். பிரேக் கம்பியின் நுனியைப் பிடித்திருக்கும் கிளிப். சுண்டு விரல் நகத்தளவு இருக்கும். முன்பெல்லாம் அதை இரும்பில் போட்டோம். மூன்று வருஷத்துக்கு முன் கொள்முதல் பிரிவு அதைப் பிளாஸ்டிக்காக மாற்றி, கிளிப் ஒன்றுக்கு நாற்பது காசு மிச்சம் பிடித்தது. அந்தச் சாதனைக்காகப் மார்சிபன் என்ற பச்சைநிறப் பாதாம் மாவு போர்த்திய கேக் ஒன்று வெட்டினோம். குளிர் வந்ததும் அந்தப் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி ஒடிந்தது.

கிளிப் ஒடிந்துபோனவர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். எடுப்பவள் மாய்கென் பாகர்லிண்ட். இருபத்தாறு வருஷமாகக் குறைகேட்கும் மேசை அவளுடையது. பழைய இருப்பில் மிஞ்சிய இரும்புக் கிளிப்புகளை ஒரு லிங்கன்பெர்ரி ஜாம் பாட்டிலில் போட்டு வைத்திருந்தாள். வலதா இடதா என்று கேட்பாள். எதுவாக இருந்தாலும் பாட்டிலிலிருந்து இரண்டை எடுத்து உறையில் போடுவாள். எப்படி மாட்டுவது என்று ஒரு சின்னப் படம் வரைந்து, "வெண்ணெய்க் கத்தி முனை போதும்" என்று எழுதி அனுப்பிவிடுவாள். ஒரு முறை கூப்பிட்டவர் மறுபடி கூப்பிட்டதில்லை. இதற்கு எந்த முறையும் இல்லை, எந்தப் பெயரும் இல்லை. அதனால்தான் மேலிடத்துக்கு இது பொறுக்கவில்லை.

போன செப்டம்பரில் ஆலையில் ஒரு புதிய துறை பிறந்தது. தரக்குறைவுச் செலவு மதிப்பீட்டுத் துறை. ஒன்பது பேர், ஒன்பது உயரம் கூட்டிக் குறைக்கும் மேசைகள். இயக்குநர் ருத்கேர் ஸ்டோல்ஹானெ. ஸ்டாக்ஹோமிலிருந்து ஆலோசகராக லின்னேயா. எங்கள் ஆலையில் இயக்குநரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவோம். இந்தச் சமத்துவத்தால் யாருக்கும் எந்தச் செலவும் இல்லை என்பதால் அதை மட்டும் துறை தொடவில்லை.

முதல் கூட்டத்தில் லின்னேயா திரையில் கடலில் மிதக்கும் ஒரு பனிமலையைக் காட்டினாள்.

"தண்ணிக்கு மேல தெரியறது பத்துல ஒரு பங்கு. ஒன்பது பங்கு அடியில ஒளிஞ்சிருக்கு. தரக்குறைவுக்கு நாம கொடுக்கற விலையும் இப்படித்தான். அந்த ஒன்பது பங்கைத்தான் நான் மதிப்பிடப் போறேன்."

மாய்கென் கை தூக்கினாள். "கிளிப் எங்க இருக்கு? மேலயா, கீழயா?"

"எந்தக் கிளிப்?"

"உடையற கிளிப்."

"நாம இன்னும் காரணத்துக்கு வரல மாய்கென். செலவுல இருக்கோம்."

"காரணத்துக்கு எப்ப வருவோம்?"

லின்னேயா தன் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். "இந்த ஒப்பந்தத்துல அது இல்ல."

பிறகு செலவை நாலு கூடையாகப் பிரித்தார்கள். தப்பு நடக்காமல் தடுக்க ஆகும் செலவு, தடுப்பு. நடந்ததா என்று பார்க்க ஆகும் செலவு, சோதனை. ஆலைக்குள் தெரிந்துபோன தப்பு, உள் தோல்வி. வாடிக்கையாளர் வீடு வரை போன தப்பு, வெளித் தோல்வி. முதல் இரண்டும் முதலீடு, ஆகவே புண்ணியம். பின்னிரண்டும் பாவம். ஒன்பது பேரின் சம்பளம், மேசை, லின்னேயாவின் கட்டணம், அவள் வந்துபோகும் ரயில், தங்கும் விடுதி எல்லாம் தடுப்பில் சேர்ந்தன. துறை எவ்வளவு செலவழித்ததோ அவ்வளவு நாங்கள் தரத்தில் உயர்ந்தோம்.

புண்ணியத்துக்குப் பச்சை ஒட்டுத்தாள், பாவத்துக்குச் சிவப்பு. ஒரு வாரம் ஆலை முழுக்க ஒட்டிக்கொண்டே போனார்கள். மாய்கென்னின் நாற்காலிக்குச் சிவப்பு. தொலைபேசிக்குச் சிவப்பு. ஜாம் பாட்டிலுக்குச் சிவப்பு. பென்சிலைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, அதற்கும் சிவப்பு. ஜன்னலோர ஜெரேனியச் செடிக்கு மஞ்சள் ஒட்டினார்கள். அது விசாரணையில் இருப்பதாக அர்த்தம்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று மாய்கென் கேட்டாள்.

"நீ ஒண்ணும் செய்யல," என்றார் ருத்கேர், அவள் தோளைத் தட்டி. "நீ ஒரு வெளித் தோல்வி. இதை நீ உன்னைப் பத்தின விமர்சனமா எடுத்துக்கக் கூடாது."

அக்டோபர் கடைசியில் எலோப் கூப்பிட்டார். வடக்கே, ராவ்தியெர்ன் என்ற ஊரிலிருந்து. லின்னேயா கையில் நேரம் பிடிக்கும் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போடச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பொட்டலம் கட்டும் பிரிவு எதிர்ப்பக்கம்தான் என்பதால் எங்களுக்கும் கேட்டது.

"ஆலைக்காரியா பேசறது? வலது பிரேக் செத்துப்போச்சும்மா. இங்க இன்னிக்கு மைனஸ் பன்னெண்டு."

"வண்டி ஓடிடுச்சா?"

"வண்டி முன்னாடி ஓடிச்சு, நான் பின்னாடி ஓடினேன். எண்பத்தேழு வயசுல ஓடற ஆளு இந்த ஊர்லயே நான்தான். பந்தயம் வெச்சா ஜெயிச்சிருப்பேன்."

"அடி பட்டுச்சா?"

"கௌரவத்துல மட்டும்தான். ஆனா கேளு. வீட்டு வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும் அறுபது மீட்டர் சரிவு. அடியில தபால் பெட்டி, அதை ஒட்டி மர லாரி போற ரோடு. ஜனவரி வந்தா சரிவு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆயிடும். அப்ப இந்த வண்டி என்னை லாரிக்கு அடியில கொண்டுபோய்த்தான் நிறுத்தும்."

பிறகு அவர் தோட்டத்தில் விழுந்து புளித்த ஆப்பிளைத் தின்றுவிட்டுப் போதையில் கிடக்கும் கடமானைப் பற்றிச் சொன்னார். மாய்கென் சிரித்தாள். முகவரியை எழுதிக்கொண்டு போனை வைத்தாள்.

"பதினொரு நிமிஷம் நாப்பது செகண்ட்," என்றாள் லின்னேயா. "அதுல ஏழு நிமிஷம் கடமான். மொத்தம் இருநூத்திப் பதினாலு குரோனா."

"எதுக்கு?"

"இந்தப் பேச்சுக்கு."

"கிளிப் ஒரு குரோனா பத்து காசுதான்."

"அதையேதான் நானும் சொல்றேன். கிளிப் மலிவு. நீதான் அதிகம்."

மாய்கென் பாட்டிலிலிருந்து இரண்டு கிளிப் எடுத்து உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டிவிட்டாள். ருத்கேர் அதன்மேல் கையை வைத்தார். இனிமேல் பதிவு எண் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. எண் வேண்டுமென்றால் வாடிக்கையாளரே இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டும். நிரப்புவது அவர்தானா என்று தெரிய, கைபேசியில் வங்கி அடையாளம், அதாவது வங்கி நேரில் பார்த்துத் தரும் மின்னணு அடையாளம், வேண்டும். வரி கட்ட, மருந்து வாங்க எல்லாம் அதுதானே, இதற்கு மட்டும் என்ன?

மாய்கென் எலோபைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"பேங்க் அடையாளமா?" என்றார் எலோப். "இங்க பேங்க்கே இல்லம்மா. அது இருந்த எடத்துல இப்ப நாய்க்கு முடி வெட்டறாங்க. பக்கத்து பேங்க் நூத்தி நாப்பது கிலோமீட்டர். அங்க வரைக்கும் நடக்கச் சொல்றியா? எதைப் பிடிச்சிக்கிட்டு நடக்கறது, அதைச் சொல்லு."

உறை எண்ணுக்காக மேசையிலேயே காத்திருந்தது. அதற்கும் சிவப்பு ஒட்டினார்கள்.

நவம்பரில் துறை பனிமலையின் அடிப்பாகத்துக்கு இறங்கியது. ஒன்பதரை மணிக் காபியில் எங்களோடு வந்து உட்கார்ந்து, யார் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று குறித்தார்கள். இரண்டு வாரக் குறிப்பின் முடிவு: காபிப் பேச்சில் நூற்றுக்குப் பதினேழு பங்கு குறைகளைப் பற்றியது. ஆகவே காபியில் பதினேழு சதவீதம் தரக்குறைவின் செலவு. இலவங்கப்பட்டை பன்னிலும் பதினேழு சதவீதம். அறிக்கையில் ஒரு பன் படம் போட்டு, பதினேழு சதவீதத்தைச் சிவப்பாகத் தீட்டியிருந்தார்கள். கடித்த பன் மாதிரியே இருந்தது. பெருமூச்சுக்கும் ஒரு பத்தி இருந்தது. தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு, தலா மூன்று செகண்ட்.

"இதைக் குறைக்க வழி இருக்கு," என்றான் சிக்ஸ்தென். பிரேக் பொருத்தும் பிரிவில் முப்பது வருஷம் இருப்பவன், அதிகம் பேசாதவன். "இரும்பு கிளிப்பைத் திரும்பப் போடு. நாப்பது காசு."

ருத்கேர் பன்னைக் கீழே வைத்தார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்றும் கோபப்படவில்லை.

"சிக்ஸ்தென், உன் ஈடுபாட்டுக்கு நன்றி. ஆனா யோசிச்சுப் பாரு. பிளாஸ்டிக்கால வந்த மிச்சத்தை நாம ஏற்கெனவே மிச்சம்னு அறிவிச்சாச்சு. கேக்கும் வெட்டியாச்சு. இப்ப இரும்புக்குப் போனா அந்த மிச்சம் நஷ்டமாகும். தரத்தைக் கூட்டினதால ஒரு நஷ்டம்னு நான் எந்தக் கூடையில போடுவேன்? அப்படி ஒரு கூடையே இல்லியே. அதோட நாம அளக்கறது செயல்முறைய. கிளிப் ஒரு பொருள்."

"அப்ப காபி?"

"காபி ஒரு செயல்முறை."

அன்றிலிருந்து காபி நேரத்தில் குறைகளைப் பற்றிப் பேசத் தடை வந்தது. டிசம்பரில் அளந்தபோது பதினேழு சதவீதம் பூஜ்யமாகிவிட்டது. நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசினோம். மைனஸ் பதினொன்று, மைனஸ் பதினான்கு என்றோம். அதற்கு மேல் பேச்சைக் கொண்டுபோகவில்லை.

இறுதி மதிப்பீடு வந்தது. தரக்குறைவின் மொத்தச் செலவு, ஆண்டுக்கு நாற்பத்தொரு லட்சம் குரோனா. அதில் யாரும் ஐயப்படாமல், கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரே செலவு மாய்கென். மற்றதெல்லாம் பெருமூச்சு.

தொழிற்சங்கத்தோடு கலந்து பேசாமல் இங்கே எதுவும் நடக்காது. சங்கத்தின் சார்பில் யெர்கெர் வந்தான். மூன்று கூட்டம் நடந்தது. மூன்றிலும் எல்லோருடைய கருத்தையும் கேட்டார்கள். மாய்கென்னின் கருத்தை இரண்டு முறை கேட்டார்கள்.

"நான் போயிட்டா போனை யார் எடுப்பாங்க?" என்று இரண்டு முறையும் அவள் சொன்னாள்.

"போன் இருக்காது," என்றார் ருத்கேர். "அதுவும் வெளித் தோல்விதானே."

யெர்கெர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னான். "உன்னை யாரும் வெளிய அனுப்பலை, மாய்கென். உன்னோட பொறுப்புலேர்ந்து உன்னை விடுவிக்கறாங்க. இந்த வார்த்தைக்காக நான் ரெண்டு மணி நேரம் போராடினேன் தெரியுமா?"

"முன்ன என்ன வார்த்தை இருந்துச்சு?"

"வேலை நீக்கம்."

"எனக்கு அறுபத்தோரு வயசு யெர்கெர். வீட்டுக் கடன் இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"அதை நான் புரிஞ்சிக்கறேன். குறிப்புலயும் எழுதச் சொல்லியிருக்கேன்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஜாம் பாட்டிலை எடுத்துப் போனார்கள். கணக்கில் வராத இருப்பு, ஆகவே விதியிலிருந்து விலகல். முந்நூற்றுப் பன்னிரண்டு இரும்புக் கிளிப்புகளை நகராட்சியின் பழைய இரும்புக் கொட்டகையில் அழித்துவிட்டு, அழித்ததற்குச் சான்றிதழ் வாங்கி வந்தார்கள். சான்றிதழ் கட்டணம் தடுப்பில் சேர்ந்தது. காலிப் பாட்டிலைக் கழுவி மாய்கென்னிடம் திருப்பிக் கொடுத்தார் ருத்கேர். தனிப்பட்ட உடைமைகளை நாங்கள் மதிப்போம் என்றார்.

மிஞ்சியது அந்த உறையில் இருந்த இரண்டு. அவற்றை மாய்கென் உறையோடு மடித்துத் தன் கையுறைக்குள் ஒளித்திருந்தாள்.

ஜனவரியில் பரிசு அறிவிப்பு வந்தது. தென் மண்டலத்தின் ஆண்டுத் தரப் பரிசு எங்களுக்கு. படிவம் வந்த நாளிலிருந்து ஒரு குறைகூடப் பதிவாகவில்லை; அப்படி ஓர் ஆலையை நடுவர்கள் இதுவரை பார்த்ததில்லையாம். விழா நாளும் மாய்கென்னின் கடைசி நாளும் ஒன்றாக அமைந்தன. ஒரே கேக்கில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று துறை மதிப்பிட்டிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள், எண்ணாவது ஒன்றாவது என்று முணுமுணுத்துக்கொண்டே, மாய்கென் அந்த உறையை வெளியே போகும் தபால் தட்டில் வைத்தாள். தட்டை மூன்று மணிக்கு எடுப்பார்கள். இரண்டரைக்கு ருத்கேர் அந்தப் பக்கம் போனார். அதை நான் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் மைனஸ் பதினாறு. சாமான் ஏற்றும் சரிவுப் பாதையின் உச்சியில் புகைப்படம் எடுப்பதாக ஏற்பாடு. ருத்கேர் பேசினார். வாயிலிருந்து ஆவி வந்தது.

"இந்தப் படிவம் வந்ததுலேர்ந்து ஒருத்தர்கூட நம்மகிட்ட குறை சொல்லல. ஏன்? சொல்ல முடியாத அளவுக்கு நம்ம முறை நல்லாயிருக்கு! நாம வயசானவங்களுக்காக வேலை செய்யறோம். அவங்க குரல் நம்ம காதுல விழாம இருக்கறதுதான் நமக்குக் கிடைச்ச மிகப் பெரிய பாராட்டு."

மருத்துவமனைகளை நடத்தும் பிராந்திய நிர்வாகத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி, இந்தக் குளிர்காலத்தில் இடுப்பெலும்பு முறிவு அதிகமாகியிருக்கிறதே என்று மெதுவாகக் கேட்டாள்.

"வருத்தமான விஷயம்," என்றார் ருத்கேர். "ஆனா இடுப்பு உங்க செலவு. அது எங்க பனிமலை இல்ல."

பிறகு நடைவண்டியின் பலகையில் உட்கார்ந்து, இரண்டு பிரேக்கையும் போட்டு, கண்ணாடியால் செய்த பனிமலைப் பரிசை மடியில் வைத்துக்கொண்டு, கைகள் இரண்டையும் அகல விரித்தார். சரிவு பளபளவென்று உறைந்திருந்தது. நான் என்னை அறியாமல் ஓரடி முன்னால் போனேன். சிக்ஸ்தென் நின்ற இடத்திலேயே நின்றான். வண்டி அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

கேக் சாப்பிட அவர்கள் உள்ளே போனார்கள். வண்டியை வரவேற்பறைக்குத் தூக்கிப்போகும்போது கைப்பிடிக்கு அடியில் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தேன். இரும்பு. இரண்டு பக்கமும் இரும்பு.

"நேத்து ருத்கேரே கொண்டாந்து மாட்டச் சொன்னான்," என்றான் சிக்ஸ்தென், என்னைப் பார்க்காமல். "பாதுகாப்புக்காகன்னான். எங்க கிடைச்சுதுன்னு நான் கேக்கல."

வரவேற்பறைக் குப்பைக்கூடையில் உறை கிடந்தது. மாய்கென் கையெழுத்தில் எலோபின் முகவரி. தபால்தலையை யாரோ கவனமாகக் கிழித்து எடுத்திருந்தார்கள்.

கேக் அறையில் ருத்கேர் மார்சிபன் ரோஜாவைத் தன் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். கேக்குக்கு ஒரே ஒரு ரோஜாதான். அதை விடைபெறுகிறவருக்குக் கொடுப்பது வழக்கம். விரலில் ஒட்டிய பச்சையை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, "மாய்கென், நீ இல்லாம இந்தப் பரிசு கிடைச்சிருக்காது," என்றார். அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை.

மாய்கென்னைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் கைப்பிடிக்கு அடியில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள்.

"அப்ப அவனுக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியும்," என்றான் சிக்ஸ்தென்.

"மொதல்லேர்ந்தே."

"மொதல்லேர்ந்தே."

கையிலிருந்த கேக் கரண்டியை நக்கிச் சுத்தம் செய்து, அதன் முனையால் இரண்டு கிளிப்பையும் நெம்பி எடுத்தாள். மூன்று வருஷமாகப் படம் வரைந்து சொல்லிக்கொடுத்தவள். பத்து செகண்ட்தான் ஆனது. பெட்ரோல் பங்கில் புது உறையும் தபால்தலையும் வாங்கினாள். உறையின் பின்பக்கம், "தபால்காரருக்கு: பெட்டியில் போடாதே. மேலே வீடு வரை கொண்டுபோய்க் கொடு. அவருக்கு பிரேக் இல்லை" என்று எழுதினாள்.

தபால்காரி வீடு வரை ஏறிப் போனாள். அவளே வெண்ணெய்க் கத்தியால் மாட்டியும் கொடுத்தாளாம். இரண்டு வாரம் கழித்து ஆலைக்கு ஓர் அட்டை வந்தது. "பிரேக் பிடிக்கிறது. கடமானும் நலம். எலோப்." அட்டைக்குப் பதிவு எண் இல்லாததால் துறை அதை வாங்கிக்கொள்ளவில்லை. நான் மாய்கென் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெரேனியம் அங்கே மஞ்சள் ஒட்டுத்தாளோடு ஜன்னலில் இருந்தது.

நடைவண்டி வரவேற்பறையில் பித்தளை எழுத்துகளுக்குக் கீழே திரும்ப நின்றது. பிப்ரவரியில் எங்கள் முறையைக் கற்றுக்கொள்ள பின்லாந்திலிருந்து ஒரு குழு வந்தது. ருத்கேர் அவர்களுக்குப் பனிமலையை விளக்கிவிட்டு, பலகையில் உட்கார்ந்து, பிரேக்கைப் போட்டு, கைகள் இரண்டையும் அகல விரித்தார். காலணிப் பனி உருகி வழிந்தோட வசதியாக வரவேற்பறைத் தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். வண்டி செருப்பு அலமாரியில் போய் நின்றது. ருத்கேர் அதற்கு முன்பே இறங்கியிருந்தார். வால் எலும்பில் விரிசல்.

இழப்பீடு கேட்கப் பதிவு எண் வேண்டும் என்றது காப்பீடு. எண் வேண்டுமென்றால் படிவம் நிரப்ப வேண்டும். ருத்கேரிடம் வங்கி அடையாளம் இருந்தது.

படிவம் வந்ததிலிருந்து இன்றுவரை க்ரோக்ஹுல்ட் நடைவண்டி ஆலையில் முறைப்படி பதிவான குறை ஒன்று. பிரேக் பிடிக்கவில்லை. பதிவு செய்தவர்: ருத்கேர் ஸ்டோல்ஹானெ, இயக்குநர், தரக்குறைவுச் செலவு மதிப்பீட்டுத் துறை.